அம்மாவுக்கு மட்டும்

அந்தப் படத்தின் பேரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்களும் போனைத் தட்டித் தேடுவீர்கள். நம் ஜனங்களை எனக்குத் தெரியாதா? நானும் அதில் ஒருத்திதானே.

பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்காருகிற நாங்கள் படம் பார்ப்பதில்லை, கேட்போம். கண் ஜரிகையை விட்டு நகர்ந்தால் இழை தப்பிவிடும். அதனால் போனைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் காதை மட்டும் அதற்குக் கொடுப்போம். வெள்ளிக்கிழமை வந்த படம் சனிக்கிழமை எங்கள் தெருவில் ஓடும். யாராவது ஒருத்தர் டெலிகிராமில் இறக்குவார், அது வீடு வீடாகப் போய்விடும். திருட்டு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. கோடி கோடியாகப் போட்டுப் படம் எடுக்கிறவனுக்கு, இந்த வள்ளி ஒருத்தி ஓசியில் கேட்பதால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று வாய் கிழியப் பேசியும் இருக்கிறேன்.

என் தம்பி தினேஷ் சென்னையில் சினிமாவுக்கு ஒலி சேர்க்கிறவன். மழை, கதவு, காலடி என்று ஒவ்வொரு சத்தத்தையும் தனியாகப் பிடித்துச் சேர்ப்பார்களாம். ஒன்பது வருஷம் இன்னொருவருக்குக் கீழே கிடந்துவிட்டு, இந்தப் படத்தில்தான் அவன் பேர் தனியாக வந்தது. அவனுக்குக் கீழே வேலை செய்தவன் கிறிஸ்டோபர். எங்கள் பக்கத்து ஓரிக்கைக்காரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே தினேஷ்தான்.

அம்மாவுக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய் மூன்று வருஷம் ஆகிறது. மகன் வேலை செய்த படத்தை அவளால் கேட்கத்தான் முடியும். படம் வருவதற்கு நாலு நாள் முன்னால் தினேஷ் வந்து, படத்தின் ஒலியை மட்டும் என் போனில் ஏற்றிக் கொடுத்தான். அதில் ஒரு விசேஷம் இருந்தது. மழைக் காட்சிக்கு அடியில் எங்கள் வீட்டுத் தறிச் சத்தத்தை வைத்திருந்தான். டைரக்டர் வேண்டாம் என்று எடுக்கச் சொல்லிவிட்டாராம், தியேட்டரில் அது வராது. அம்மா கேட்கட்டும் என்று, அதை நீக்குவதற்கு முந்தின ஒலியைக் கொண்டுவந்திருந்தான்.

"அம்மாவுக்கு மட்டும்க்கா. வெளியில போச்சுன்னா நான் காலி," என்றான். சரிடா, சரிடா என்றேன்.

மறுநாள் அம்மா கேட்டாள். தறிச் சத்தம் வந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, நம்ம தறிடி என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் புத்தி கெட்டேன். பக்கத்து வீட்டுக் கீர்த்திக்கு அதை அனுப்பினேன். நீ மட்டும் கேளுடி என்று, தினேஷ் எனக்குச் சொன்ன மாதிரியே அவளுக்குச் சொன்னேன். அவளும் யாருக்கோ அப்படித்தான் சொல்லி அனுப்பியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. எவனோ தியேட்டரில் உட்கார்ந்து கேமராவில் பிடித்தான். அப்படிப் பிடிக்கிற படத்தில் எப்போதும் இருமலும் விசிலும்தான் கேட்கும். இந்தத் தடவை அந்தச் சத்தத்தைத் துடைத்துவிட்டு, என் போனிலிருந்து போன சுத்தமான ஒலியை ஒட்டிவிட்டார்கள். சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்க அதுதான். எங்கள் தெருவிலும் எல்லார் வீட்டிலும் ஓடியது. என்னா கிளியரா இருக்குதுபா என்று பேசிக்கொண்டார்கள். மழைக் காட்சியில் தறி கேட்டது.

தியேட்டரில் இல்லாத சத்தம் திருட்டுப் படத்தில் எப்படி வந்தது என்று தயாரிப்பாளர் ஆபீசில் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. அந்தப் பழைய ஒலி தினேஷிடமும் கிறிஸ்டோபரிடமும் மட்டும்தான் இருந்தது. தான் யாருக்கும் கொடுக்கவில்லை என்று தினேஷ் அடித்துச் சொல்லிவிட்டான். அப்புறம் மிச்சம் யார்? கிறிஸ்டோபரை அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள். அவன் போட்டோவைப் போட்டு, இவனுக்கு யாரும் வேலை கொடுக்காதீர்கள் என்று ஸ்டுடியோக்காரர்களின் குரூப்பில் பரப்பினார்கள்.

மறுநாள் தினேஷ் வீட்டுக்கு வந்தபோது உள்ளறையில் வைத்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவான், அடிக்கக்கூட அடிப்பான் என்று நினைத்தேன். அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். யாரிடமும் சொல்லாதே என்றான். அடுத்த படத்துக்குப் பேசி முடித்தாயிற்று, இப்போது உண்மை வெளியே வந்தால் ஒன்பது வருஷ உழைப்பும் மண்ணாகப் போகும் என்றான். கொஞ்சம் ஆறட்டும், கிறிஸ்டோபரை நானே கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னான். கூடத்தில் இருந்த அம்மாவிடம் கூட்டிப்போய், அவள் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினான். எதற்குச் சத்தியம் என்று தெரியாமல் அம்மா பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். கூடப் பிறந்தவனாயிற்றே.

வேலையை விட்டு அனுப்பின பதினோராம் நாள் கிறிஸ்டோபரின் பெண்டாட்டி நதியா போன் செய்தாள். அவர் சரியாகச் சாப்பிடுவதே இல்லை, தினேஷ் அண்ணனை ஒரு தடவை நேரில் வந்து பேசச் சொல்லுங்கள் என்றாள். அதற்கு மேல் என்னால் தறியில் உட்கார முடியவில்லை. தினேஷிடம் சொல்லாமல் நானே ஓரிக்கைக்குப் போனேன்.

வேலை போய் ஊருக்குத் திரும்பியிருந்த கிறிஸ்டோபர் பாதியாக இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான். நதியா டீ கொண்டுவந்தாள்.

"யார் என்னா சொன்னாலும் பரவால்லக்கா. அண்ணன் தெனம் போன் பண்றாரு. ஊரே சொன்னாலும் நான் உன்னை நம்பறேன்டான்றாரு. அது ஒண்ணு போதும் எனக்கு," என்றான்.

டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். அந்த ஒன்றையும் அவனிடமிருந்து பிடுங்கத்தான் வேண்டுமா என்று தோன்றியது. ஆனால் எத்தனை நாளைக்கு அவன் ஒரு பொய்யைச் சாப்பிட்டு உயிர் வாழ்வான்?

"நான்தாம்பா அனுப்பினேன்," என்றேன். அம்மாவுக்குத் தினேஷ் கொடுத்ததில் ஆரம்பித்து, கீர்த்தி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் வந்து சொல்கிறேன் என்றேன்.

அவன் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான்.

"அண்ணனுக்குத் தெரியுமாக்கா?"

தெரியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"தெரியும்பா. நான் சொல்லிப் பத்து நாளாவுது."

நதியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது போன் அடித்தது. தினேஷ் தினமும் கூப்பிடுகிற நேரம் அது. கிறிஸ்டோபர் எங்கள் இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

"சாப்டியாடா? தைரியமா இரு. நீ செஞ்சிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்," என்றது என் தம்பியின் குரல். அந்தக் குரலில் உண்மையாகவே பாசம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சரிண்ணா," என்று சொல்லிவிட்டுக் கிறிஸ்டோபர் போனை வைத்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"காலைல ஆறு மணிக்கு மெட்ராஸ் பஸ் இருக்குது. தயாரிப்பாளர் ஆபீசுக்கு வருவீங்களாக்கா?"

"வரேம்பா," என்றேன். அம்மாவிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.