நீல டேப் சுற்றிய ஊசி

போன வாரம் ஒரு பழைய பதிவேட்டைத் தேடி ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடிக்குப் போனேன். அந்த நாளில் நான் வேலை பார்த்த அறை இப்போது கால் உடைந்த நாற்காலிகள் போடும் இடமாகிவிட்டது. நடுச்சுவரில் இருந்த சின்ன ஜன்னல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு தட்டு நுழையும் அகலம்தான். அதன் விளிம்பில் நகத்தளவு நீல டேப் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. உரிக்கலாம் என்று கையைக் கொண்டுபோனேன், மனசு வரவில்லை.

அந்தப் புதிய காய்ச்சல் பரவிய வருஷம், அதற்கான தடுப்பூசிச் சோதனை எங்கள் ஆஸ்பத்திரியிலும் நடந்தது. நானூறு பேர் தாமாக முன்வந்து கை நீட்டினார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். எந்தக் கூட்டத்தில் காய்ச்சல் குறைவாக வருகிறது என்று பார்த்துத்தான் மருந்து வேலை செய்கிறதா என்று சொல்ல முடியும். அதனால் யாருக்கு எது என்பது போட்டுக்கொள்பவருக்கும் தெரியக் கூடாது, போடுகிறவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தது மருந்தை நிரப்பிக் கொடுக்கும் எனக்கு. எனக்கும் நம்பர்தான் தெரியும், ஆள் தெரியாது.

என் வேலை இப்படி. பட்டியலில் நம்பரைப் பார்ப்பேன். அதற்குரியதைச் சிரிஞ்சில் ஏற்றுவேன். மருந்து, பால் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி மங்கலாக இருக்கும். உப்புத் தண்ணீர் கண்ணாடி. பார்த்தாலே தெரிந்துவிடும் என்பதால் சிரிஞ்சைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டுவேன். நம்பர் சீட்டுடன் தட்டில் வைத்து ஜன்னல் வழியாகத் தள்ளுவேன். அந்தப் பக்கம் ஊசி போடும் நர்ஸக்கா வாங்கிக்கொள்வார். நாங்கள் இருவரும் பேசக் கூடாது என்பது விதி. வாங்கிய நேரத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் திருப்பி அனுப்புவார். சில நாள் அதன் அடியில் "இன்னைக்குத் தலை வெடிக்குது" என்று இருக்கும். அடுத்த தட்டில் ஒரு மாத்திரை போகும். பத்து மாதம் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் அப்படித்தான் இருந்தோம். அந்தத் துண்டுக் காகிதங்களுக்காகவே வேலைக்குப் போன நாள்கள் உண்டு.

இந்த வேலை பற்றி வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மருந்து அறையில் வேலை என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். எல்லாம் அங்கேதான் கோணியது.

என் அண்ணன் பஸ் டிரைவர். எட்டு வீடு தள்ளி இருப்பவருக்கும் கேட்கிற குரல், ஆகவே வீட்டில் எல்லாருக்கும் அவன் ஹாரன். ஊரே அடைந்து கிடந்தபோதும் ஆஸ்பத்திரி ஆள்களை ஏற்றி இறக்க அவன் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவன் சட்டைக் கையை மடித்துத் தோளைக் காட்டினான். சோதனையில் சேர்ந்துவிட்டானாம். சேருகிற படிவத்தில் "இந்தச் சோதனையில் உறவினர் யாராவது வேலை செய்கிறார்களா" என்று கேட்டிருந்தார்கள், இல்லை என்று எழுதினானாம். நான் சொன்னதை நம்பித்தானே எழுதினான்.

"எல்லாருக்கும் வெள்ளை டேப்பு. எனக்கு மட்டும் நீலம். ஆளைப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கும் போல," என்றான். அண்ணி, "ஆமா, பஸ்ஸுக்கு ரிசர்வேஷன் பண்ணின மாதிரி," என்றார்.

அன்று காலை பத்தே காலுக்கு வெள்ளை டேப் தீர்ந்துபோனது. அடுத்த பெட்டி வருவதற்குள் ஒரே ஒரு சிரிஞ்சுக்கு, கையில் கிடைத்த நீல டேப்பைச் சுற்றி அனுப்பினேன். நர்ஸக்கா கூட, "ஏன் நீலம்?" என்று எழுதிக் கேட்டிருந்தார். அந்த ஒரு சிரிஞ்சில் இருந்தது உப்புத் தண்ணீர்.

மறுநாள் பெரிய டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். என்ன நடந்தது, எப்போது நடந்தது, என்ன தெரிந்துவிட்டது என்று வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துவிட்டு, அண்ணனின் இரண்டாம் தவணை ஊசியை வேறொருவர் நிரப்புவார் என்றார். இப்போது அவனை விலக்கினால் ஏன் என்று அவனுக்கே புரிந்துவிடும், அதனால் இருக்கட்டும் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தெரிஞ்சதைத் தெரியாததா ஆக்க முடியாதும்மா. சொல்லாம இருக்கத்தான் முடியும்."

சொல்லாமல் இருந்தேன். அவன்தான் இருக்க விடவில்லை. ஊசி போட்ட கை இரண்டு நாள் வலித்தது, ஆகவே மருந்துதான் ஏறியிருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டான். முகக்கவசம் தாடைக்கு இறங்கியது. டிப்போவில் டிரைவர்கள் ஓய்வெடுக்கும் அறை நாலு பேர் நின்றால் நிரம்பிவிடும். அங்கே எட்டுப் பேரோடு நெருக்கியடித்து டீ குடித்தான். ஏதாவது சொன்னால், "எனக்குத்தான் நீல டேப்பு போட்டாச்சே பாப்பா," என்பான். அந்த டேப் என் வாயில்தான் ஒட்டியிருந்தது.

ஒருவனுக்குச் சொல்லக் கூடாது. எல்லாருக்கும் சொல்லலாமே என்று ஒருநாள் பாத்திரம் கழுவும்போது தோன்றியது. நானூறு பேருக்கும் ஒரே கடிதம். ஒன்று, உங்களுக்குப் போட்டது எது என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டு, கை வலித்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். உப்புத் தண்ணீருக்கும் கை வலிக்கும். மூன்று, எதுவுமே போடாதவர் போல நடந்துகொள்ளுங்கள். சேரும்போது சொன்னதுதான், யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? பெரிய டாக்டரிடம் கொடுத்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், சோதனையை மேற்பார்க்கும் கமிட்டிக்கு அனுப்பினார். ஒரு சொல்லை மாற்றி அனுமதித்தார்கள். நானூறு உறைகளையும் நானே மடித்து ஒட்டினேன். நான் செய்தது சரிதானா என்று இன்றைக்கும் சில நேரம் யோசிப்பேன். மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் அது கெடுதல் இல்லை, அந்த மட்டில் நிம்மதி.

கடிதம் வந்த அன்று ஹாரன் அதை மேசையில் வைத்து இரண்டு தடவை படித்தான். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மறுநாளிலிருந்து டீயை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் தன் சீட்டில் தனியாக உட்கார்ந்து குடித்தானாம். முகக்கவசம் மூக்குக்கு ஏறியது. நீல டேப் பேச்சு அத்தோடு நின்றது.

அடுத்த மாதம் அந்த அறையில் டீ குடித்தவர்களில் மூன்று பேர் காய்ச்சலில் படுத்தார்கள். எப்போதும் இவன் பக்கத்திலேயே உட்காரும் டிரைவர் திரும்பி வரவில்லை. அவர் பஸ்ஸின் சாவியை மாட்டுகிற ஆணியில் இவன் வெகுநாள் எதையும் மாட்ட விடவில்லை.

எட்டு மாதம் கழித்து மருந்து வேலை செய்கிறது என்று முடிவு வந்தது. உப்புத் தண்ணீர் போட்டவர்களை அழைத்து உண்மையான ஊசி போடச் சொன்னார்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாததால் அண்ணனுக்கு நிரப்பும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள். டேப் சுற்றாமல் தட்டில் வைத்துத் தள்ளினேன். அந்தப் பக்கத்திலிருந்து, "வந்தாச்சு," என்று ஒரு குரல் கேட்டது. நர்ஸக்காவின் குரலை முதன்முதலில் அன்றைக்குத்தான் கேட்டேன். நான் நினைத்திருந்ததைவிட மெல்லிய குரல்.

வெளியே சுற்றிக்கொண்டு நர்ஸக்காவின் அறைக்குப் போனேன். அண்ணன் சிரிஞ்சை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுதானா அது? கலங்கலா இருக்கு."

"உனக்குப் போட்டது உப்புத் தண்ணின்னு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு லெட்டர் எழுத இந்த ஊர்ல வேற யாரு இருக்கா? கடைக்கு அனுப்புற சீட்டே அப்படித்தானே எழுதுவ. எனக்கு மருந்து ஏறியிருந்தா நீ ஏன் எழுதப் போற?"

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தா நீ பொய் சொல்லணும் பாப்பா. உனக்கு அது வராது. மூஞ்சி காட்டிக் கொடுத்துடும்."

நர்ஸக்கா ஊசியைப் போட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினார். பஞ்சுக்கு மேல் ஒட்டப் பிளாஸ்திரியை எடுத்தபோது அவன் தோளை விலக்கிக்கொண்டான்.

"எனக்கு நீல டேப்புதான் வேணும்."

நான் போய் ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்த சுருளை எடுத்து வந்தேன். அவசரத்தில் வெட்டிய முதல் துண்டு ஜன்னல் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டது. இரண்டாவதை வெட்டி அவன் தோளில் ஒட்டினேன்.