பதினாறா, பதினேழா

பதினாறாம் அறையில் பேசுவார்கள். பதினேழாம் அறையில் மாத்திரை எழுதுவார்கள். புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் சீட்டுக் கொடுத்தவர் அவ்வளவுதான் சொன்னார்.

"பதினாறுக்கே போவோம்" என்றான் ஆத்மநாதன். "அங்கிட்டுப் போனா பைத்தியம்னு எழுதிருவாங்க. அப்பறம் எவன் என்னைய மிஷினப் புடிக்க விடுவான்?"

"தூக்கம் வரலேன்னுதானய்யா வந்தோம். பேசியே பாப்போம்" என்றாள் மனைவி பொற்கொடி. அவன் மிஷினால் பாறையில் வெடிக்குழி போடும் குவாரியிலேயே அவளும் கல் ஏற்றுகிறவள். அவன் தூங்காதது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

அவனோடு வேலை செய்த அஜித் செத்து நாற்பது நாள். குளத்தூர் பக்கத்துக் குவாரியில் வைத்த வெடியில் ஒரு குழி வெடிக்கவில்லை. வெடிக்காத குழியை வெடிக்காரர்தான் தொடவேண்டும். அவர் வர மதியமாகும் என்றார்கள். வேலை கெடுகிறதென்று அஜித் கடப்பாரையை விட்டு நோண்டினான்; வெடித்துவிட்டது. கொஞ்சம் தள்ளி பாறை மறைவில் நின்ற ஆத்மநாதனுக்குக் கீறல்கூட இல்லை.

பதினைந்து நாளாக அஜித் கூப்பிடுகிறான். பட்டப்பகலில், மிஷின் இரைச்சலுக்குள்ளேயே. தண்ணீர் நிற்கும் பழைய பள்ளத்தின் ஓரமாகப் போனால் இன்னும் தெளிவாக: "எறங்கு மாப்ளே." நேற்று ஒரு கால் இறங்கிவிட்டது.

பதினாறில் இருந்த ஆலோசகர் சுகுணாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

"தண்ணி போடுவீங்களாண்ணே?"

"ஞாயித்துக்கெழம மட்டும்."

"இவருக்கு வாரத்துக்கு நாலு ஞாயிறு வரும்மா" என்றாள் பொற்கொடி. சுகுணா சிரித்தாள். அவனும் சிரித்தான்.

"பக்கத்துல யாருமில்லாதப்ப யாராச்சும் பேசுற மாதிரிக் கேக்குதாண்ணே?"

இல்லை என்றால் வீட்டுக்குப் போகலாம். விடிந்தால் குவாரி. குவாரியில் அந்தப் பள்ளம்.

"கேக்குது" என்றான். "அஜித்து. பள்ளத்துல எறங்கச் சொல்றான். நேத்து ஒரு கால் எறங்கிட்டேன்."

பொற்கொடி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். இப்போதே விழுந்துவிடுவான் போல.

சுகுணா பேனாவை வைத்தாள். "இது நான் பேசி நிறுத்துறதில்லண்ணே. டாக்டர்தான் பாக்கணும், இப்பவே. கொஞ்சம் தெளிஞ்சப்பறம் நம்ம பேசுவோம். நானும் கூட வாரேன்."

"வேணாம்மா. நீங்களே பேசுங்க. நல்லாத்தான பேசுறீங்க." நாற்காலியின் கையை அவன் விடவில்லை.

"ஏய்யா, வெடிக்காத குழிய்யா இது!" பொற்கொடி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இந்தப் புள்ளைய கடப்பாரைய விட்டு நோண்டச் சொல்றியா? அஜித்துக்காச்சும் மதியம் வரைக்கும் பொறுக்க வேண்டியிருந்துச்சு. ஒனக்கு வெடிக்காரரு அடுத்த ரூம்லயே இருக்காரு. எந்திரி."

எழுந்தான். பதினேழின் கதவருகே அஜித் மறுபடி கூப்பிட்டான். ஆத்மநாதன் திரும்பிப் பார்த்தான்.

பொற்கொடி சட்டையை விடவில்லை.