சோற்றுத்துணியில் காரீயம்

1936ஆம் வருஷம் ஆடி மாதம் சிக்கந்தரின் வலது கை மணிக்கட்டோடு தொங்கிப்போயிற்று. கோயமுத்தூரில் வரதராஜுலுவின் பட்டறையில், அச்சு எழுத்துகள் செய்ய ஒன்பது வருஷமாகக் காரீயம் கலந்த உலோகத்தை உருக்கி வார்த்த கை அது. கூட வேலை செய்த மூன்று பேருக்கு ஓயாத வயிற்றுவலி.

“எல்லாம் கெணத்துத் தண்ணி பண்ற வேலை. தூர் வாரிப்போட்டாச் சரியாப் போயிருமுங்க” என்றார் வரதராஜுலு.

சிக்கந்தரின் மனைவி நஃபீசா நம்பவில்லை. அதே தண்ணீரைக் குடித்த வண்டிக்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே! கணவன் சோறு கட்டிக்கொண்டு போகும் துணியை உதறும்போதெல்லாம் சாம்பல் நிறத்தில் தூசி விழும். அந்தத் தூசிதான் காரணம் என்று அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. துணியைத் துவைக்காமல் மடித்து எடுத்துக்கொண்டு, கல்லூரியில் ரசாயனம் நடத்தும் லட்சுமிநாராயணனிடம் போனாள். எதையும் இரண்டு கரிக்குச்சிகளுக்கு நடுவே மின்சாரச் சுடரில் எரித்து, அந்த வெளிச்சத்தைப் படம்பிடித்து, உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லும் கருவி அவரிடம் இருந்தது.

“ஏனுங்க சார், இது என்ன தூசின்னு சொல்லுவீங்களா?”

“சொல்லலாம்மா. காரீயமா இருந்தா அது வெஷம், கையை முடக்கிப்போடும். மொதலாளியும் பக்கத்துல இருந்து பார்த்தாத்தான் நம்புவாரு.”

வரதராஜுலு முறுக்காகத்தான் வந்தார். “உங்க கரிக்குச்சியிலயே காரீயம் இருந்துபோட்டா?”

“நல்ல கேள்விங்க. மொதல்ல வெறுங்கரியை எரிக்கிறேன்.”

நான்கு முறை சுடர் சீறியது. வெறும் கரி; கிணற்று நீரைச் சுண்டக் காய்ச்சிய உப்பு; பட்டறையில் உருக்கும் உலோகத்தில் ஒரு துணுக்கு; கடைசியாகத் துணியிலிருந்து உதிர்ந்த தூசி. நான்கின் ஒளியும் ஒரே கண்ணாடித் தகட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டைகளாகப் பதிந்தது. ஒவ்வொரு உலோகத்தின் ஒளியும் பட்டையில் தனக்கே உரிய இடங்களில் கோடுகளாக விழும். தகட்டைக் கழுவி எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார் லட்சுமிநாராயணன்.

கரியின் பட்டையிலும் கிணற்றுநீரின் பட்டையிலும் காரீயத்தின் கோடுகள் வரவேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. உலோகத்தின் பட்டையில் காரீயம், ஆண்டிமனி, வெள்ளீயம் மூன்றின் கோடுகளும் பளிச்சென்று நின்றன. அவற்றுக்கு நேர் கீழே, தூசியின் பட்டையிலும் அதே கோடுகள்.

வரதராஜுலு பூதக்கண்ணாடியை வாங்கி ஒவ்வொரு கோடாக விரல் வைத்துப் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

“மூணும் நம்ம பட்டறை ஈயமேதானுங்க… சோத்தோட சேர்த்துத் தின்னிருக்காங்க!”

“மூச்சுலயும் போயிருக்குங்க” என்றார் லட்சுமிநாராயணன்.

நஃபீசா தகட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு மாதமாக யாரும் காது கொடுக்காத பேச்சு கண்ணாடியில் கறுப்புக் கோடாக நின்றது. அழுகை வருமென்று நினைத்தாள், சிரிப்புத்தான் வந்தது.

“கெணத்தை விட்டுப்போட்டு ஈயம் உருக்குற அடுப்பைப் பாருங்க மொதலாளி!”

“பாக்கறேன் அம்மணி. புகை வெளியேற வழி பண்ற வரைக்கும் அடுப்பைப் பத்தவெக்க மாட்டோம்.”

சொன்னபடியே செய்தார். உருக்கும் அடுப்புக்கு மேல் தகரக் கூண்டும் கூரை தாண்டிப் புகைக்குழாயும் வந்தன. கை கழுவாமல் யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது, பட்டறைக்குள் சாப்பிடவே கூடாது என்றாயிற்று. சிக்கந்தர் சரக்கு அனுப்பும் வேலைக்கு மாறினான். பங்குனியில் அவன் கை மெல்ல நிமிர்ந்தது.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. ஈரோட்டிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் அச்சகத் தொழிலாளிகள் காகிதப் பொட்டலங்களில் தூசி அனுப்பினார்கள். லட்சுமிநாராயணன் சென்னைக்குக் கடிதம் எழுதி, இன்னும் ஒரு பெட்டி கரிக்குச்சி வரவழைத்தார்.