தூக்கிக் குடித்தவனுக்கு மாடியறை

1

இந்தக் கதை எனக்குப் படகுத்துறையில் கிடைத்தது. மட்டாஞ்சேரியில் படகுக்கு நின்றபோது பக்கத்தில் ஒரு மாமி இன்னொரு மாமியிடம் சொன்னாள்: "ரெண்டு பசங்கள் ரூம் கேட்டுண்டு வந்தா. ஒருத்தன் காபியைத் தூக்கிக் குடிச்சான், ஒருத்தன் வாய் வெச்சு சீப்பிக் குடிச்சான். அதுக்கப்பறம்..." படகு வந்தது, ஏறிவிட்டார்கள். அதுக்கப்பறம் என்ன என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

2

தொடங்கிப் பார்த்தேன்: "1958 ஜூன் மழை கொச்சிக் காயலின் மேல்..."

(மழையில்லாமல் ஒரு கேரளக் கதையாவது தொடங்கக் கூடாதா? அடித்துவிட்டேன்.)

மறுபடி: எர்ணாகுளத்தில் அந்தப் பையன்களின் கல்லூரி விடுதியில் முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். இரண்டாம் வருஷம் பெட்டி படுக்கையோடு வெளியே. மொய்துவும் சிவராமகிருஷ்ணனும் பாலக்காட்டுக்காரர்கள், விடுதியில் ஒரே அறை. இனியும் சேர்ந்தே இருப்பது என்று முடிவு கட்டி, மட்டாஞ்சேரிக்கு வீடு தேடி வந்தார்கள்.

இது போதும். சேர்ந்தே என்பதில்தான் வில்லங்கம். பஜாரில் வீட்டு மாடியை வாடகைக்கு விட இருந்த தாவூது ராவுத்தர் மொய்துவின் தோளைத் தட்டினார், சிவராமனைப் பார்த்துச் சங்கடப்பட்டார். "ஐயர் வூட்டுப் புள்ளைய நம்ம அடுக்களைக்கு மேல வெச்சா, அவங்கப்பா வந்து என்னையல்ல கேப்பாரு? நீ மட்டும் வா தம்பி."

மொய்து மட்டும் போகவில்லை. விடுதிக்கு வந்த முதல் ராத்திரி அவன் வீட்டை நினைத்து அழுதபோது, ஒன்றும் கேட்காமல் எழுந்து விளக்கை அணைத்தவன் சிவராமன். அப்படி ஒருவனை விட்டுவிட்டு எப்படிப் போவது?

3

பிராமணத் தெருவில் காமாக்ஷி அம்மாள் வீட்டு மாடியறை காலி என்று கேள்விப்பட்டுப் போனார்கள். பேச்செல்லாம் சிவராமன், மொய்து வாய் திறக்கக் கூடாது என்று ஏற்பாடு. இரண்டு பேருக்கும் வெள்ளை முண்டு, வெள்ளைச் சட்டை, கிராப்புத் தலை.

(இந்த அம்மாளை முதலில் கடுகடுப்பாக எழுதினேன். சரிப்படவில்லை. சிரித்த முகமாகவே இருக்கட்டும், சிரித்தபடி இல்லையென்பவர்களிடம்தான் மறுபேச்சுப் பேச முடியாது.)

யார், என்ன ஜாதி என்று அவள் கேட்கவில்லை. கேட்பது மரியாதையில்லை. காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்று பார்த்தாள்.

மொய்து தம்ளரைத் தூக்கி, உதட்டில் படாமல் ஒரே தாரையாகத் தொண்டையில் விட்டான். ஒரு சொட்டு சிந்தவில்லை. சிவராமன் விளிம்பில் வாய் வைத்து உறிஞ்சினான்.

குறிப்பு: விடுதியறையில் குடிதண்ணீருக்கு ஒரே கூஜா. சிவராமனுக்கு எச்சில் ஆகாதே என்று தூக்கிக் குடிக்கப் பழகினான் மொய்து. மொய்துவோடு சாயாக்கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து, சூடான கண்ணாடித் தம்ளரை உறிஞ்சப் பழகிவிட்டான் சிவராமன்; அவன் பேச்சிலும் ஐயர் வீட்டு வாடை போய்விட்டிருந்தது. ஒருவருக்காக ஒருவர் மாறிக்கொண்டது இப்படி வந்து விடியும் என்று யார் கண்டது!

காமாக்ஷி அம்மாள், வீட்டுக் குழந்தையிடம் கொடுப்பதுபோல், மாடிச் சாவியை மொய்துவின் கையில் வைத்தாள். "நீ இரு கோந்தே. ஆசாரமா வளந்திருக்காய், பாத்தாலே தெரியறதே." பிறகு சிவராமனிடம், அதே சிரிப்போடு: "ஒண்ணும் நெனச்சுக்காதேப்பா. எங்காத்துக்குச் சரிப்படாது. பஜார்ப் பக்கம் உங்க மனுஷா நெறய இருக்கா, அங்க கேட்டுப்பாரேன்."

மொய்துவுக்குச் சிரிப்பு வந்தது. சிவராமன் எழுந்து வாசலுக்குப் போவதைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

4

மூன்று முடிவு யோசித்தேன்.

அ) மொய்து உண்மையைச் சொல்கிறான். இரண்டு பேரும் தெருவில்.

ஆ) சொல்லாமல் மாடியேறுகிறான். அன்று முதல் ஒவ்வொரு வாய் தண்ணீருக்கும் பயம்.

இ) அம்மாளுக்கு ஆரம்பத்திலேயே எல்லாம் தெரியும், சும்மா சோதித்தாள், இருவரையும் அணைத்து...

(வேண்டாம். எனக்கு நிம்மதியாக இருக்கும் என்பதற்காக அவளை நல்லவளாக்க முடியாது.)

நடந்ததாக எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். நான்தான் ஐயர் என்றால் அடுத்த கேள்வி மொய்து யார் என்பது; அதனால் சிவராமன் மறுக்காமல் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். காமாக்ஷி அம்மாள் கேட்டாள்: "உன் பேரென்ன கோந்தே?"

மொய்து வாசலைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால், அவளுக்குத் தெரியாமல், சிவராமன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். என் பேரைச் சொல்லு.

தங்க இடமில்லாதவன், தன் பேரையும் எடுத்துக் கொடுத்துவிட்டு நிற்கிறான். மொய்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

நான் இங்கே பேனாவை வைத்துவிட்டேன். அவனுக்கு அந்தப் பேரைக் கொடுக்கவும் மனசு வரவில்லை, வாங்காதே என்று தடுக்கவும் வாய் வரவில்லை. அந்த அம்மாள் காத்திருக்கிறாள். நீங்கள்தான் ஒரு பேர் சொல்லுங்கள்.