கலந்தர் குறைத்த பன்னிரண்டு கிலோ

காலை ஒன்பது மணிக்குச் சிலாவத்துறைக் கரையில் நின்று கலந்தர் இரண்டு தட்டுக் கடலை சாப்பிட்டான். இந்தக் கடலை உன்னைக் கொல்லப் பார்க்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். சாப்பிட்டது இறைச்சியா, கொத்துரொட்டியா? வெறும் கடலைதானே. டொக்டரே சாப்பிடச் சொன்ன சாமான்.

அவன் கடலட்டை பிடிக்கிற சுழியோடி. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இருபது வருடமாகக் கடலின் அடியில் தடவித் திரிகிறவன். இரண்டு வருடத்துக்கு முன் அவனோடு கடலில் முழுகிய நஸார் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தான். இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி, இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. இன்று சக்கரக் கதிரையில் இருந்துகொண்டு வீதியைப் பார்க்கிறான். கலந்தர் அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் மறுபக்கம் திரும்பிக்கொள்வான்.

நாலு மாதத்துக்கு முன் கலந்தரைப் பரிசோதித்த டொக்டர், தராசில் தொண்ணூற்றாறு கிலோவைப் பார்த்துவிட்டு நேராகவே சொன்னார். கொழுப்பு கூடிய உடம்பில் அந்தக் காற்று நிறையத் தங்கும், நஸாருக்கு வந்தது உனக்கு வர அதிக நாளாகாது. பன்னிரண்டு கிலோ குறைத்துக்கொண்டு வா, அதுவரை சிலிண்டரில் கை வைக்காதே.

அன்று முதல் வீட்டில் இறைச்சி நின்றது. மீன் கிழமைக்கு ஒரு தரம். மிச்சமெல்லாம் பயறு, கடலை, பருப்பு, கீரை, முட்டைக்கோவா, குரக்கன் மா. எடை குறையத் தொடங்கியது உண்மைதான். ஆனால் வயிறு வேறு கதை சொன்னது. முதல் இரண்டு கிழமையும் றபான் மேளம் மாதிரி ஊதிக்கொண்டு நின்றது. படுத்தாலும் இருந்தாலும் ஒரே பொருமல். அவன் மனைவி றம்லா கிளினிக் மிஸ்ஸிடம் போய் விவரமாகக் கேட்டு வந்தாள். கடலையை இரவே ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டினாள். இஞ்சியும் உள்ளியும் பெருங்காயமும் சேர்த்துக் குழைய அவித்தாள். ஒரு கைப்பிடியில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினாள். கோவாவைப் பச்சையாகக் கொடுக்கவே மாட்டாள். அவசரமாக விழுங்கினால் தட்டைப் பிடித்து இழுத்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு வீதியில் அரை மணி நேரம் நடக்க வைத்தாள். ஒரு மாதத்தில் வயிறு அடங்கியது. நாலாவது மாதம் தராசு எண்பத்து நாலு காட்டியது. டொக்டர் சரியென்று தலையாட்டிவிட்டார்.

இன்று முதல் முழுக்கு. விடிய றம்லா பிட்டும் முருங்கையிலை வறையும் வைத்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"இண்டைக்குக் கடலுக்குப் போறீங்க. கடலை வேணாம், சோடா வேணாம். இதோட போங்கோ. வந்து வயிறு நிறையச் சாப்பிடலாம்."

"ஓம், ஓம்," என்றான். கரைக்கு வந்ததும் பசி வயிற்றைக் கிள்ளியது. கடையில் அரைவேக்காட்டுக் கடலை இரண்டு தட்டு. தொண்டையில் அடைத்ததற்கு ஒரு சோடா. எல்லாம் ஐந்து நிமிடத்தில் உள்ளே போனது. ஈயக்கட்டி கோத்த இடுப்புப் பட்டி தளர்ந்து கிடந்ததால் புதிதாக ஓர் ஓட்டை போட்டு இறுக்கிக் கட்டினான். அந்த ஓட்டையை றம்லாவின் தம்பி நிப்ராஸுக்குக் காட்டிப் பெருமை வேறு பட்டுக்கொண்டான்.

பழகிப் பார்க்கத்தானே என்று இருவரும் ஒரு சிலிண்டரை மட்டும் எடுத்துக்கொண்டு படகில் போனார்கள். நிப்ராஸ் படகில் இருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டான். கலந்தர் பத்துப் பாகம், அதாவது அறுபது அடி, இறங்கினான்.

கீழே அரை மணி நேரம் சுகமாகவே போனது. உடம்பு இலேசாக இருந்தது. இருபது வயதில் இப்படித்தான் இருந்தேன் என்று நினைத்தான். அட்டைப் பை பாதி நிறைந்ததும் மேலே கிளம்பினான்.

ஐந்து பாகத்தில் வயிற்றுக்குள் ஏதோ முறுக்கியது. நாலு பாகத்தில் கத்தி வைத்துக் கிழிப்பது போல நோவு. நெஞ்சு அடைத்தது, கண் இருண்டது. நஸாரின் கதிரைதான் அவன் நினைவில் முதலில் வந்தது. அல்லாவே, எனக்கும் வந்துவிட்டது!

அந்தக் கரையில் சுழியோடிகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வைத்தியம் இருக்கிறது. மேலே வரும்போது நோவு பிடித்தால் திரும்பக் கீழே போ. டொக்டர்மார் கூடாது என்று சொல்வார்கள். பயந்தவனுக்கு டொக்டர் சொன்னதா ஞாபகம் வரும்? கலந்தர் திரும்பி அடிக்கே போனான்.

நோவு பறந்துவிட்டது. அதுதான் அவனை இன்னும் நடுங்க வைத்தது. கீழே போனால் விடுகிறதென்றால் இது அந்தக் குமிழியேதான், சந்தேகமில்லை. கயிற்றை ஐந்து தரம் இழுத்தான். ஐந்து இழுப்பு என்றால் சுகமில்லை என்று பொருள். மேலே நிப்ராஸ் என்ன பாடுபடுவான் என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. காற்றைக் காட்டும் மீற்றரில் கால்வாசிதான் மிச்சம்.

பத்து நிமிடம் பொறுத்து மறுபடி மெல்ல ஏறினான். நாலு பாகத்தில் அதே கத்தி. மறுபடி இறங்கினான், மறுபடி சுகம். மீற்றரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மேலே போனால் கால் போகும், கீழே நின்றால் மூச்சுப் போகும். றம்லாவின் முகம் வந்தது. தன் பிள்ளைகளை நினைக்கக்கூட அவனுக்குத் துணிவு வரவில்லை. வாயில் குழாயைக் கடித்துக்கொண்டே அவன் அழுதான்.

மூன்றாம் தரம் ஏறினான். இம்முறை எது வந்தாலும் திரும்புவதில்லை என்று கயிற்றை இறுக்கிப் பிடித்தான். நாலு பாகத்தில் நோவு வந்தது. கூடவே தொண்டைக்குள் ஏதோ உருண்டு வந்தது. பெரிய ஏப்பம் ஒன்று. வாய் முழுக்கக் கடலை நாற்றம்.

நோவு கொஞ்சம் இறங்கியது.

கலந்தர் அப்படியே நின்றுவிட்டான். இரத்தத்தில் கட்டிய குமிழி ஏப்பமாக வருமா? ஆழத்தில் வயிற்றுக்குள் உண்டான வாயு, மேலே வர வர ஒன்றரை மடங்கு இரண்டு மடங்காகப் பெருத்திருக்கிறது. கீழே போனால் சுருங்கியிருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி! அதற்கு மேல் இந்தப் புதிய ஓட்டைப் பட்டி வேறு வயிற்றை நெரித்துக்கொண்டு கிடந்தது. பட்டியைக் கழற்றினான். நழுவ விட்டால் உடம்பு மேலே பாய்ந்துவிடும், ஆகவே அதைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டான். மற்றக் கையால் வயிற்றை அமுக்கினான். அதன் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம். கடலுக்கடியில் வெட்கப்பட ஆளில்லை.

இரத்தத்தில் தங்கிய காற்று மெல்ல வெளியேறட்டும் என்று, சிலிண்டர் தீரும்வரை மூன்று பாகத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். குழாயில் காற்று வராமல் இறுகியதும் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே மேலே வந்தான்.

நிப்ராஸ் அவனைப் படகுக்குள் இழுத்துப் போட்டான்.

"மச்சான், கால் தெரியுதா? அசைச்சுக் காட்டுங்கோ!"

"தெரியுது. வாயுடா. கடலை."

நிப்ராஸ் சிரிக்கவில்லை. "மூண்டு தரம் ஏறி இறங்கியிருக்கிறீங்க. அதாலயே அந்த வருத்தம் வந்திடுமே. ஆசுபத்திரிக்குப் போய்க் காட்டோணும். நான் றம்லா லாத்தாவுக்குப் போன் எடுத்துச் சொல்லிட்டன்."

அவன் சொன்னது சரி. கரை வரும்வரை கலந்தர் மல்லாந்து கிடந்து விரல்களை மடக்கிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு தரமும் விரல் மடங்கியது. அடுத்த தரம் மடங்காதோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

கரையில் றம்லா ஓட்டோவோடு நின்றாள். காலில் செருப்பில்லை. அவன் படகிலிருந்து இறங்கி மணலில் நடந்து வருவதை, முகத்தைப் பார்க்காமல், கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கடலை திண்டனான்," என்றான் கலந்தர். "கடையில. ரெண்டு தட்டு. சோடாவும். உன்ர சாப்பாட்டில பிழையில்ல, றம்லா."

ஏசுவாள் என்று எதிர்பார்த்தான். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஓட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"டொக்டர் பன்னிரண்டு கிலோ எண்டதும் எனக்கு என்ன சந்தோசம் தெரியுமா? இந்த மனிசனால ஏலாது, இறைச்சி இல்லாம ஒரு கிழமை தாங்க மாட்டார், இனிக் கடல் இல்ல எண்டு நினைச்சன்."

கலந்தர் அவளருகில் வந்தான்.

"அப்ப ஏன் அவ்வளவு பாத்துப் பாத்துச் சமைச்சாய்?"

"நீங்க வயிறு ஊதி ராவெல்லாம் பிரண்டுகொண்டு கிடந்தீங்களே. பாத்துக்கொண்டிருக்க ஏலுமா எனக்கு? ஊறப்போட்டன், இஞ்சி போட்டன். வயிறும் சுகமாச்சு, எடையும் குறைஞ்சிச்சு. ஒவ்வொரு கிலோ குறையேக்கயும் நான் குசினிக்குள்ள நிண்டு அழுதனான்."

நாலு மாதம் அவள் தட்டில் வைத்ததெல்லாம் அவனுக்கு அப்போது நெஞ்சில் வந்து நின்றது. அவனைக் கடலுக்கு அனுப்பக்கூடாது என்று வேண்டிக்கொண்டவளே அவனைக் கடலுக்குத் தயாராக்கியிருக்கிறாள். ஒரு நாளாவது உப்பைக் கூட்டிப் போட்டிருக்கலாம், நெய்யை ஊற்றியிருக்கலாம். செய்யவில்லை.

"நாளைக்குப் போகமாட்டன்," என்றான்.

"நாளைக்கு மட்டுமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓட்டோவில் ஏற முடியாது என்று கலந்தருக்குத் தெரிந்தது. நிப்ராஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"இல்ல," என்றான் கலந்தர். "இனி இல்ல."

றம்லா அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.