ஃபாதர் கையில் கட்டிய காப்பு

1

அன்று பிற்பகல் மாதா கோயில் முற்றத்தில் இருந்தவர்கள்:

ஃபாதர் சூசைநாதன். பங்குச் சாமியார். எங்கள் ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.
ஆரோக்கியராஜ். உபதேசியார். ஃபாதர் இல்லாத நாட்களில் செபம் சொல்பவர்.
மாதையன். மாரியம்மன் கோயில் பூசாரி.
பெரியண்ணன். ஊர்க்கவுண்டர்.
நான், பைக்கோடு.
மதலேனம்மாள். [இவள் அங்கே இல்லை. இண்டூரில் தன் வீட்டுக் கட்டிலில் செத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் இவளை விட்டுவிட்டுப் பட்டியல் போட முடியவில்லை.]

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஓசூரில் இரவு ஷிஃப்டை விட்டுவிட்டு வந்து வீட்டில் கிடந்தேன். சும்மா கிடப்பவனிடம்தான் ஊர் பைக் கேட்கும். அப்படி உள்ளே வந்தேன். அதற்குப் பிறகு வெளியே போக வழி தெரியவில்லை. எழுதினால் தெரியுமோ என்று பார்க்கிறேன்.

ஊர் பாப்பாரப்பட்டிக்குப் பக்கம். பெயரைச் சொல்லமாட்டேன். ஆரோக்கியராஜ் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்.

2

முதல் தொடக்கம்: "மாலை வெயில் மாதா கோயில் சிலுவையில் பொன்னாக..."

இல்லை. வெயில் கண்ணைக் குத்தியது. அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: "எல்லா மதமும் ஒன்றே என்று நம்பிய ஃபாதர் சூசைநாதன்..."

இதுவும் பொய். அவர் அப்படி நம்பவில்லை. பிற மதங்களில் உண்மையாகவும் தூயதாகவும் இருக்கும் எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று அறுபது வருடங்களுக்கு முன் ரோமில் கூடிய சங்கம் சொன்னது. கிறிஸ்துவை அறிவிப்பதையும் விட முடியாது என்று கூடவே சொன்னது. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று குருமடத்தில் அவர் பரீட்சை எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் அந்த இடம் ஒரு மணிக்கட்டின் அகலம்.

மூன்றாம் தொடக்கம், இதையே வைத்துக்கொள்கிறேன்: ஃபாதர் கையை நீட்டினார்.

3

மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டும் நாள். பல்சமய உரையாடல் என்று மறைமாவட்டத்தில் ஒரு பணிக்குழு உண்டு. எங்கள் வட்டாரத்துக்கு ஃபாதர்தான் அதன் பொறுப்பாளர். அழைத்தார்கள், போனார். சால்வை போட்டார்கள். பக்கத்தில் மாதையன் கரகம் எடுப்பவர்களுக்கு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அதுவும் விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்து ஃபாதரும் சிரித்துக்கொண்டே கையை நீட்டிவிட்டார்.

மாதையன் தயங்கினார். நான் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். தெரிந்துதான் கேட்கிறார் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். நீட்டிய கையைத் திருப்பி அனுப்புவது அவமரியாதை. மாதையன் கட்டிவிட்டார்.

[வெளியூர்க்காரர்களுக்கு: காப்புக் கட்டியவன் பண்டிகை முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. இடையில் அறுக்கவும் கூடாது. மீறினால் கெடுதல் அவனுக்கு அல்ல, ஊருக்கு. முன்பு ஒருவன் காப்போடு ஓசூர் வேலைக்குப் போய்விட்டான். அந்த வாரமே பக்கத்து வீட்டுப் பிள்ளை கிணற்றில் விழுந்தது. அவன் குடும்பத்தோடு ஊர் இன்றுவரை பேசுவதில்லை.]

அன்று சாயங்காலமே படம் பங்கு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. முதல் குரல்செய்தி ஆரோக்கியராஜுடையது. "ஃபாதரே கயிறு கட்டிக்கிட்டாரு. நாளைக்கு நம்ம புள்ளைங்க தாயத்துக் கட்டுனா எந்த வாயில கேக்கறதுங்க?"

ஃபாதர் பதில் போடவில்லை. காப்பின் விதியை அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள். பண்டிகை முடியும்வரை ஊரிலேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தார். மற்ற சாமியார்கள் எல்லாரும் ஆண்டுத் தியானத்துக்குக் கர்நாடகா பக்கம் போனார்கள். சுற்று வட்டாரத்தில் மிஞ்சிய சாமியார் இவர் ஒருவர்தான்.

மறுநாள் பிற்பகல் இண்டூரிலிருந்து போன் வந்தது. மதலேனம்மாளுக்கு மூச்சு இழுக்கிறது. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் போகமாட்டேன் என்கிறாள்.

மதலேனம்மாள் ஆரோக்கியராஜின் அக்கா.

4

இங்கே பெரியண்ணனை வில்லனாக்கிவிட்டால் எனக்கு வேலை சுலபம். மீசை, வெள்ளை வேட்டி, பின்னால் நாலு பேர். எழுதிப் பார்த்தேன். ஆனால் அன்று அவர் தனியாகத்தான் வந்தார். அவர் மருமகள் நிறைமாதம். மாரியம்மன் கோயில் பக்கம் திரும்பி ஒருமுறை கும்பிட்டுவிட்டுத்தான் பேசினார். பயந்தவனை வில்லனாக எழுத எனக்கு வரவில்லை. பயந்தவன்தான் அதிக ஆபத்து என்பது வேறு விஷயம்.

"போங்க ஃபாதர். நான் தடுக்கல" என்றார். "ஆனா ஊருக்குள்ள ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நீங்க மாத்தலாகிப் போயிருவீங்க. உங்க ஆளுங்க எங்க போவாங்க? அவங்க வூடு இங்கதான இருக்குது?"

மிரட்டலா, எச்சரிக்கையா என்று ஃபாதர் அவர் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"அந்தம்மாவ ஒரு வேன்ல வெச்சு இங்க கொண்டாந்துட்டா?" என்று நான் கேட்டேன்.

"கட்டில்ல இருந்து தூக்குனாலே உசுரு போயிரும்டா" என்றார் ஆரோக்கியராஜ். "ஃபாதர், போன்ல கேக்க முடியாதுங்களா?"

"செல்லாதுங்க உபதேசியாரே. நேர்லதான் கேக்கணும்."

"அப்ப அதை அறுங்க."

ஃபாதர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். "ஊரே பாக்கக் கை நீட்டினது நான். யாரும் என்னைப் பிடிச்சுக் கட்டலை. இப்ப அறுத்தா, நேத்து சிரிச்சது நடிப்புன்னு ஆயிடும்."

"நேத்து நீங்க சிரிச்சதுக்கு எங்கக்கா நரகத்துக்குப் போவணுங்களா?"

இதற்கு ஃபாதர்

இந்த வாக்கியத்தைப் பலமுறை முடிக்கப் பார்த்தேன். மனம் நொந்து மன்னிப்புக் கேட்டால் போதும், கடவுள் பெரியவர், இப்படி எதையாவது அவர் சொல்லியிருக்கலாம். அவர் படிப்பில் அதற்கு இடமுண்டு. அவர் அதைச் சொல்லவில்லை. வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.

5

எழுதிப் பார்த்துத் தள்ளிய முடிவுகள்.

அ. ஃபாதர் கத்தரிக்கோல் கேட்கிறார். அறுக்கிறார். ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. [இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர் எங்கள் ஊரில் ஒரு ராத்திரி இருந்து பார்க்கட்டும். பெரியண்ணன் மருமகளுக்குப் பிரசவம் ஆகும்வரை ஒன்றும் நடக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.]

ஆ. ஃபாதர் போகவில்லை. மதலேனம்மாள் வாய் திறக்காமல் செத்துப்போகிறாள். ஆரோக்கியராஜ் மறுபடி மாதா கோயிலுக்குள் காலெடுத்து வைக்கவே இல்லை.

இ. அவள் என்ன பாவம் சொல்ல நினைத்தாள் என்று நானே ஒன்றைக் கற்பித்து எழுதுவது. எழுதினேன். கேவலமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

மூன்றிலும் மாதையனை மறந்திருந்தேன். அவர் முற்றத்து வேப்பமரத்தடியில் ஈர வேட்டியோடு அதுவரை பேசாமல் நின்றிருந்தார்.

6

"ஈட்டுக்கு ஆள் வெச்சுட்டுப் போலாமுங்க" என்றார் மாதையன்.

பெரியண்ணன் திரும்பினார். "எப்பய்யா நடந்துது அப்பிடி?"

"எங்கப்பன் காலத்துல ஒருக்கா நடந்துருக்குதுங்க. காப்புக்காரன் எந்த எடத்துல சாமி கும்புடறானோ அங்க, அதைக் கட்டிவுட்ட பூசாரி போயி உக்காரணும். காப்புக்காரன் திரும்பற வரைக்கும் பூசாரி பச்சத்தண்ணி தொடக்கூடாது. வெளிய வரக்கூடாது. அப்பிடி இருந்தா காப்பு எல்லைக்குள்ள இருக்கற மாதிரிதான்."

"இவரு கும்புடறது..." என்ற பெரியண்ணன் கோயில் கதவைப் பார்த்தார்.

"ஆமாங்க. இங்கதான்."

ஆரோக்கியராஜ் ஃபாதரின் காதருகே போய்ச் சொன்னார், எல்லாருக்கும் கேட்டது. "உள்ள நற்கருணை இருக்குது ஃபாதர், ஆண்டவரே இருக்கற எடம். திருநீறு, மஞ்சத்தண்ணியோட பூசாரியத் தனியா உள்ள விட்டுட்டு..."

"உங்க அக்கா உபதேசியாரே."

ஆரோக்கியராஜ் இடுப்பிலிருந்து கோயில் சாவியை எடுத்தார். அந்தக் கயிற்றுக்கு எதிராக முதலில் கத்தியவர் அவர்தான். அதைக் காப்பாற்றுவதும் இப்போது அவர் கையில்தான் இருந்தது.

மாதையன் படியில் கால் வைக்காமல் நின்றார். "நான் உள்ள வந்ததே இல்லீங்க ஃபாதர். உங்க சாமி என்னை என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது."

"எங்க மாரியம்மாளும் உங்கள ஒண்ணும் செய்யமாட்டா. ஆனா பாருங்க, ரெண்டு பேருக்கும் கால் நடுங்குது." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "உபதேசியாரே, வெளிய பூட்டிருங்க. தொறந்து கெடந்தா நான் பயந்து ஓடியாந்துருவன்."

பெரியண்ணன் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாரியம்மன் கோயில் பக்கம் வேகமாக நடந்தார். காவலுக்கா, ஆள் கூட்டவா?

இனி உங்கள் பாடு. இருட்டும் நேரத்தில் பம்பை அடிப்பவர்கள் வந்துவிடுவார்கள். அம்மனுக்கு விளக்கேற்றப் பூசாரியைத் தேடுவார்கள். அதற்குள் நாங்கள் திரும்பவில்லை என்றால், பண்டிகை நாளில் ஊர்ப் பூசாரியைக் கிறிஸ்தவர்கள் கோயிலுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் கண்ணில் படும். ஈட்டைப் பற்றிச் சொல்ல அங்கே ஆரோக்கியராஜ் ஒருவர்தான் நிற்பார். அவர் சொன்னால் யார் நம்புவார்கள்? இண்டூர் சாலையில் வேலை நடக்கிறது. மதலேனம்மாள் சுருக்கமாகப் பேசுகிறவளும் அல்ல.

எனக்கு முடிவு தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் பயப்படுவதை நிறுத்திவிடுவீர்கள். நாங்கள் யாரும் இன்னும் நிறுத்தவில்லை.

ஃபாதர் பைக்கில் ஏறி என் தோளைப் பிடித்தார். நான் ஸ்டார்ட் செய்யாமல் திரும்பிப் பார்த்தேன். மாதையன் வலது காலா இடது காலா என்று ஒரு கணம் குழம்பி, பிறகு இரண்டையும் ஒன்றாக வைத்துக் குதிப்பது போல வாசற்படியைத் தாண்டினார். ஆரோக்கியராஜ் கதவின் இரண்டு பக்கங்களையும் இழுத்துச் சேர்த்தார். தாழ்ப்பாளைப் போட்டார். பூட்டை மாட்டி அமுக்கினார். பிறகு, பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.