இடது கைப்பிடி

கிளட்ச் தானாக அழுந்தியது.

சிவனாண்டி பார்த்துக்கொண்டேதான் இருந்தான். அவன் விரல்கள் ரப்பர் பிடியைச் சுற்றி இருந்தன. லீவரைத் தொடவே இல்லை. ஆனாலும் லீவர் மெதுவாக, மேலே இன்னொரு கை வந்து பொத்துவது போல, அவன் விரல்களை நசுக்கிக்கொண்டு பிடியோடு ஒட்டியது. எஞ்சின் வெறுமனே ஓலமிட்டது. வண்டி உருண்டு உருண்டு ஆற்றங்கரை மயானத்தின் தகரக் கொட்டகைக்கு நேரே நின்றது.

மூன்றாவது நாளாக, அதே இடத்தில்.

கால் மணி நேரம் கழித்து, எதுவுமே நடக்காதது போல லீவர் விட்டுக்கொடுத்தது. அவன் ரயிலடிக்குப் பறந்தான். பத்திரிகைக் கட்டுகளின் மேல் கை வைத்தபடி ஏஜெண்டு ஹரிராம் காத்திருந்தார்.

"மூணு நாளா லேட்டு, சிவனாண்டி. கல்லுப்பட்டில கடைக்காரன் என்னையத்தான் வையிறான்."

"வண்டில ஒரு சின்னக் கோளாறுண்ணே."

"நாளைக்கும் கோளாறுன்னா பேப்பர் கட்டை பஸ்ல ஏத்தி விட்டுருவேன். அப்புறம் என்னையக் கோவிச்சுக்கக் கூடாது."

வேலை போனால் வண்டி வெறும் இரும்பு. யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்ட மோட்டார் சைக்கிள் அது. மனைவி பாண்டியம்மாளின் கழுத்துச் சங்கிலி போய்த்தான் அந்த வண்டி வீட்டுக்கு வந்தது.

சிவனாண்டியே பட்டாளத்தில் தபால் கொண்டுபோன மோட்டார் சைக்கிள்காரன்தான். பர்மா எல்லையில் விழுந்ததில் இடது முழங்கை முறிந்து, மடங்கியபடியே கூடிவிட்டது. நீட்ட வராது. ஏலத்தில் வந்த வண்டியின் ஹேண்டில் பாரோ கை நீண்டவனுக்குச் செய்தது. அதன் இடது பக்கத்தை நாலு விரற்கடை தன்னை நோக்கி வளைத்தால்தான் கிளட்ச் அவனுக்கு எட்டும்.

கோரிப்பாளையத்தில் பட்டறை வைத்திருந்த கனி ராவுத்தர் உலையைக் கொடுத்தார். வேலையை நீயே செய்துகொள் என்றார்.

"சும்மா காய்ச்சி வளைச்சா குழாய் நசுங்கிப் போகும் தம்பி. உள்ள மணலைக் கெட்டியா இடிச்சு, ரெண்டு வாயையும் மரக்கட்டையடிச்சு அடைச்சு, அப்புறம் காய்ச்சு. மணல் உலர்ந்து இருக்கணும். ஈரம் இருந்துச்சுன்னா கட்டை குண்டு மாதிரி தெறிச்சு வரும். யா அல்லா, என் கண்ணு ரெண்டும் எனக்கு வேணும்."

ஐப்பசி மாதம். பத்து நாளாக அடைமழை. மதுரையில் உலர்ந்த மணலுக்கு எங்கே போவது?

"கடலை வறுக்கிறவன்கிட்ட கேளு. அவன் சட்டி மணலை விட உலர்ந்தது எது?" என்றார் ராவுத்தர்.

கடலை வறுக்கிறவன் மழைக்குப் பயந்து கடையே போடவில்லை. வெறும் டின்னோடு ஆற்றோரமாகத் திரும்பியபோதுதான், அந்திக் கருக்கலில், மயானத்துத் தகரக் கொட்டகை சிவனாண்டியின் கண்ணில் பட்டது. ஊரெல்லாம் நனைந்து கிடக்க, அந்தக் கூரைக்குக் கீழே மட்டும் பொடி மணல், சின்ன வரப்பு போலக் குவிந்திருந்தது. ஆள் இல்லை. கையைவிட்டுப் பார்த்தான். உலர்ந்துதான் இருந்தது. வரப்பின் ஓரத்திலிருந்து ஒரு டின் அள்ளிக்கொண்டான். தொட்டபோது அடியில் லேசான சூடு இருந்ததை அப்போது அவன் யோசிக்கவில்லை.

"கடலைக்காரர் கொடுத்தாரு," என்று ராவுத்தரிடம் பொய் சொன்னான்.

வளைவு அச்சாக வந்தது. கட்டையைப் பிடுங்கி, குழாயைத் தட்டித் தட்டி மணலை முற்றத்தில் கொட்டினார்கள். ஆனால் குலுக்கியபோது வளைவுக்குள் ஏதோ கலகலத்தது. எவ்வளவு தட்டியும் வெளியே வரவில்லை.

"கடலை வறுக்கிற மணல்ல கல்லு எப்படிப்பா வந்துச்சு?" ராவுத்தர் மூக்கருகே ஒரு பிடி மணலைக் கொண்டுபோனார். "கடலை வாசமே காணோம்."

"மழை வாசம்ணே."

மறுநாள் காலையிலிருந்து லீவர் தானாக அழுந்தத் தொடங்கியது.

மூன்றாம் நாள் ஹரிராமின் எச்சரிக்கையோடு வீடு திரும்பியதும், சிவனாண்டி கேபிளை உருவினான். மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி மாட்டினான். லீவரின் ஆணியைக் கழற்றித் துடைத்தான். ஸ்பிரிங்கைப் புதிதாகப் போட்டான். ஒரு குறையும் இல்லை. பாண்டியம்மாள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பிடியத் தொட்டுப் பாருங்க," என்றாள் திடீரென்று.

வலது பிடி சில்லென்று இருந்தது. இடது பிடி உடம்புச் சூட்டில் இருந்தது.

நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு, கொட்டகைக்கு முன்னால், புது ஸ்பிரிங்கையும் மீறி லீவர் அழுந்தியது. வண்டி நின்றது. இந்த முறை சிவனாண்டி கொட்டகைக்குள் பார்த்தான். புது மண்கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மயானக் காவல்காரர் விருமாண்டி கையைப் பிசைந்தபடி நின்றார்.

"நீயும் தெனமும் வந்து நிக்கிறியே," என்றாள் அவள். "இங்க உனக்கு யாருப்பா?"

"யாருமில்லத்தா. வண்டி நின்னு போகுது."

"என் மகனும் இங்கதான் நின்னு போனான்." கையை நீட்டினாள். "பாரு."

எரித்த சாம்பலையும் எலும்பையும் மணலோடு கூட்டி, ஆள் படுத்திருப்பது போல உரு செய்து, மறுநாள் பால் தெளித்து எலும்பைப் பொறுக்குவது அந்த அம்மாள் வீட்டு வழக்கம். கொட்டகைத் தரையில் கிடந்த உருவுக்குத் தலை இருந்தது. உடம்பு இருந்தது. கால்கள் இருந்தன. வலது கை இருந்தது. இடது கை தோளிலிருந்து இல்லை. அந்த இடத்தில் டின்னின் வட்ட விளிம்பு பதிந்திருந்தது.

"நாய் இழுத்திருக்கும்னு எம்புட்டோ சொல்லிட்டேன்," என்றார் விருமாண்டி. "சுந்தரம்மா கேக்க மாட்டேங்குது. நாலு நாளா பொறுக்காமக் கெடக்கு."

"நாய் வந்தா அளந்து வெட்டுன மாதிரியா எடுக்கும்? அவன் ஒத்தக் கையோட போயி அங்க என்ன செய்வான்? கை வராம நான் ஆத்துல கரைக்க மாட்டேன்."

சிவனாண்டியின் விரல்களுக்கு மேல் லீவர் மெல்ல விடுபட்டது.

போகலாம். யாரும் பிடிக்கவில்லை. இப்போது கிளம்பினால் ரயில் வரும் நேரத்துக்கு மேடையில் நிற்கலாம். அவன் கியரைப் போட்டான். வண்டி நகர்ந்தது. பாதை இடப்பக்கம் திரும்பும் இடத்தில் ஹேண்டிலை ஒடித்தான்.

கலகல.

இந்த முறை கிளட்சை அழுத்தியது அவன்தான்.

திரும்பி வந்து சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். டின், மழை, கடலைக்காரர் என்று சொன்ன பொய். சுந்தரம்மாள் எழுந்து வந்து அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். பிறகு அதே கையால் இடது பிடியைத் தொட்டாள். எடுக்கவே இல்லை.

"இதுக்குள்ளயா?"

"ஆமாத்தா. மிச்சத்தைப் பட்டறை முற்றத்துல கொட்டிட்டேன். மழைத் தண்ணி அடிச்சிட்டுப் போயிருச்சு."

"எங்க போச்சு அந்தத் தண்ணி?"

"சாக்கடை வழியா... ஆத்துக்குத்தான்."

அவள் ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப முன்னாடியே போயிருக்கான். இதை மட்டும் எடுத்துக் குடு."

வண்டிப் பெட்டியில் இரும்பறுக்கும் ரம்பம் இருந்தது. இந்தக் குழாயை அறுத்தால் இன்று கிளட்ச் இல்லை, வண்டி இல்லை, வேலையும் இல்லை. சிவனாண்டி லீவரின் கேபிளை உருவினான். லீவரை அதைப் பிடிக்கும் பட்டையோடு கழற்றித் தரையில் வைத்தான். ரப்பர் பிடியை உரித்தான். தன் கைக்கென்று வளைத்த இடத்திலேயே ரம்பத்தை வைத்தான். மடங்கிய கைக்கு அழுத்தம் போதவில்லை. விருமாண்டி வந்து குழாயைப் பிடித்துக்கொண்டார்.

பாதி அறுத்தபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரயில் ஊதியது. அவன் தலை நிமிரவில்லை.

குழாய் இரண்டானது. சுந்தரம்மாள் முந்தானையை ஏந்தினாள். உலையில் வெந்து கறுத்த மூன்று சின்ன எலும்புகள் விழுந்தன. விரல் எலும்புகள்.

அந்தக் கணத்தில், தரையில் கிடந்த லீவர், கேபிளும் இல்லாமல், குழாயும் இல்லாமல், ஒரு தடவை தானாக மூடித் திறந்தது. மூன்று பேரும் பார்த்தார்கள்.

சுந்தரம்மாள் உருவின் தோளுக்குக் கீழே மூன்றையும் வரிசையாக வைத்தாள். பால் தெளித்தாள். காலிலிருந்து தொடங்கித் தலைவரை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கலயத்தில் போட்டு, வாயை மஞ்சள் துணியால் கட்டினாள்.

பட்டறைக்குப் போக சிவனாண்டி வண்டியைத் தள்ளத் தொடங்கினான். ரயிலடியில் இந்நேரம் ஹரிராம் கட்டுகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருப்பார். குழாயில் ஒட்டுப் போடலாம். இந்த முறை பாண்டியம்மாளிடம் கெஞ்சியாவது அவள் சட்டியில் மணலை வறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு எந்த வேலைக்கு ஓட்டுவது என்றுதான் தெரியவில்லை.

பின்னால் அவள் குரல் கேட்டது.

"வாடா. தண்ணி நெறைய வருது, கையக் கெட்டியாப் பிடிச்சுக்க."

திரும்பிப் பார்த்தான். சுந்தரம்மாள் கலயத்தை வலது இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய இன்னொரு கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. விரல்கள் எதையோ பற்றி மூடியிருந்தன.